செல்லத்தாயின் முதல் ஊசி

சிவனணைந்தபெருமாள் நாளொன்றுக்கு முன்னூறு சாக்குக்கு வாய் தைப்பவன். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு பண்டகசாலையில் பதினோரு வருஷமாக அதே வேலை. கொழும்புக்குப் போகிற வெங்காயம், வற்றல், கருப்பட்டி, நிலாவாரை இலை எல்லாம் அவன் கோணி ஊசிக்குத் தப்பித் தோணி ஏறியதில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் ஊசி அவன் கையைக் குத்தியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அப்பேர்ப்பட்டவனை விரல் நீளம்கூட இல்லாத இன்னொரு ஊசி ஐந்து நாள் ஆட்டிவைத்துவிட்டது.

அவன் குடியிருந்த வளவில் அடுத்த வீடு எங்களுடையது. நடந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன்தான் குழப்பினான் என்று அவள் சொன்னாள், அவள்தான் குழப்பினாள் என்று அவன் சொன்னான். நான் யார் பக்கமும் சேரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசி மாதம். பர்மா அரிசி நின்றுபோய் வளவு முழுக்கக் கம்பஞ்சோறு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு ஓடின. அப்படியும் பெருமாள் வீட்டில் அந்த வாரம் கல்யாணக்களை கட்டியிருந்தது. மகள் செல்லத்தாய்க்கு முடி இறக்கிக் காது குத்த, சனிக்கிழமை பஸ் ஏறிக் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போகப் போகிறார்கள். நாலு வருஷமாகப் பேசிப் பேசி இப்போதுதான் முதலாளி மூன்று நாள் லீவு கொடுத்திருந்தார். அவன் பெண்டாட்டி செண்பகம் சிறுபயறை வறுத்துத் திரித்து முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி வாசத்துக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெருவில் தமுக்கு அடித்தான். ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி கண்டிருக்கிறது, தசராவுக்குப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், சனிக்கிழமை முதல் ஊசிச் சீட்டு இல்லாதவர்களைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், காய்ச்சலோடு வந்தால் நோய்க் கொட்டகையில் கொண்டுபோய்த் தனியே வைத்துவிடுவார்கள். இதுதான் செய்தி. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே போடுவதென்றால் நாளைக்குள் போட்டாக வேண்டும்.

பெருமாள் சாப்பிட வந்ததும் அதைத்தான் எடுத்தான்.

"ஏளா, தமுக்கு கேட்டியா? ரெண்டு வயசுக்கு மேல எல்லாத்துக்கும் போடணுமாம். பிள்ளைக்கும் போட்டுருவோம்."

செண்பகம் அகப்பையைக் கீழே வைத்தாள். "நம்ம பிள்ளைக்கு எப்படிங்க போட முடியும்? அம்மன்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ளா. அது காதுக்கு. இது கைக்கு."

"காதுன்னா சொன்னேன்? உடம்புன்னுலா சொன்னேன். இவ உடம்புல படுத மொத ஊசி உன் சந்நிதியில வச்சுத்தான் படும்னு சொன்னேன். நீங்களும் பக்கத்துலதான நின்னீய?"

உண்மைதான். செல்லத்தாய் பிறந்த நாற்பதாம் நாள் வலிப்புக் கண்டு, கண் சொருகிக் கிடந்தபோது செண்பகம் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனை நினைத்து நேர்ந்துகொண்டது அது. பிள்ளை பிழைத்துவிட்டாள். அன்றிலிருந்து செண்பகம் ஒரு ஊக்கைக்கூடப் பிள்ளைச் சட்டையில் குத்தவிடமாட்டாள். அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தபோது, தைப்பதற்காகப் பெருமாள் கொண்டுவந்து போட்டிருந்த கிழிசல் சாக்குகளுக்குள் பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு, "பிள்ளை உடன்குடியில மாமன் வீட்டுல நிக்கா" என்று கூசாமல் சொன்னவள்.

"அப்ப இந்த வருசம் போவண்டாம். அடுத்த வருசம் பாப்போம்."

"அஞ்சு வயசு தாண்ட விடமாட்டேன்னும் சொல்லியிருக்கேனே. வாற ஐப்பசியில அஞ்சு முடியுது."

"இன்னும் என்னென்னல்லாம் சொல்லியிருக்க? எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லித் தொலை."

"ஏன் எரிஞ்சு விழுதீய?"

"எரிஞ்சு விழாம? மூத்தவனைத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்து என்ன ஆச்சு? வழியில ஒரு பந்தல்ல ஒரு செம்புத் தண்ணி குடிச்சான். விடியக் கருக்கல்ல ஆரம்பிச்சு மத்தியானத்துக்குள்ள போய்ச் சேந்துட்டான். அம்மன் பொறுத்துக்கிடுவா. பேதி பொறுக்குமா?"

மூத்தவன் முத்துக்கனியின் பேச்சு வந்தால் அந்த வீட்டில் அப்புறம் பேச்சே இருக்காது. பெருமாள் புளிக்குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. செண்பகம் பாகு முறுகிப்போனதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வேலைக்குத் திரும்பும் வழியில் அய்யாக்குட்டி அண்ணாச்சி கடையில் நின்றான். மளிகைக் கடைதான். ஆனால் அந்தத் தெருவுக்குப் பத்திரிகை, வைத்தியம், பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான்.

"அண்ணாச்சி, இந்த ஊசியைப் பத்தி என்ன நினைக்கீய?"

"ஏலே, கிட்ட வா. வெளிய சொல்லாத." அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார், கடையில் வேறு யாருமே இல்லை. "ஓட்டப்பிடாரத்துல எங்க சகலை மவன் போட்டான். கை இந்தத் தண்டிக்கு வீங்கி மூணு நாளு சுருண்டு படுத்துட்டான். ஊசி போட்டவனுக்குத்தாம்லே பேதி சீக்கிரம் வருதாம். மருந்தே அந்தப் பூச்சியைக் காய்ச்சித்தான் எடுக்கானாம்."

"அப்ப போடண்டாங்கீயளா?"

"போடாம எப்படிலே ஊருக்குப் போவ? பாதி வழியில எறக்கி விட்டுருவாம்லா."

"அப்ப போடவா?"

"பச்சைப்பிள்ளைக்குப் போட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"நீங்க என்னதான் சொல்லுதீய அண்ணாச்சி?"

"நான் என்னத்தைச் சொல்ல? யோசிச்சுச் செய்."

"நீங்க போட்டாச்சா?"

அண்ணாச்சி தராசுத் தட்டைத் துடைத்தார். "தமுக்கு அடிக்கதுக்கு முந்தி, நேத்தே போட்டுட்டேம்லா. எனக்கு ஒண்ணுன்னா கடையை யாரு பாக்கது?"

இப்படியே போனால் எவனுக்குத்தான் புத்தி தெளியும்? மறுநாள் புதன்கிழமை பெருமாள் பண்டகசாலையில் நிலாவாரை மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது கை வேலை செய்தது, மனம் செய்யவில்லை. கப்பல் ஆறு மைலுக்கு அப்பால் நின்றது. தோணிகள் காத்துக் கிடந்தன. அன்று வாடை திரும்பி, காய்ந்த இலையின் நெடியும் உப்புக் காற்றும் சேர்ந்து மூக்கை அரித்தன. போடலாம், போட வேண்டாம் என்று ஒவ்வொரு தையலுக்கும் ஒன்றாக மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு சணலை இழுத்தவன், "ஆத்தே!" என்று கத்திவிட்டான். கோணி ஊசி இடது உள்ளங்கையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. பக்கத்தில் இருந்தவர்கள் சுண்ணாம்பு வைக்க ஓடிவந்தார்கள். அவனுக்கு வலி தெரியவில்லை. அம்மன் சொல்லிவிட்டாள் என்று முடிவு பண்ணிவிட்டான். பிள்ளைக்கு ஊசி போட நினைத்த கையிலேயே குத்திக் காட்டிவிட்டாள். நேற்று வரை போடணும் போடணும் என்று நின்றவன் ஒரு சொட்டு ரத்தத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தான்.

சாயங்காலம் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கேதான் சுகாதார இலாகாவைச் சேர்ந்த கிருபாநிதி சார் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நாசரேத்துக்காரர், நாணயமான மனுஷர், பெருமாளுக்குப் பழக்கம். கூட்டம் கலைகிற வரைக்கும் பெருமாள் வேப்பமரத்தடியில் நின்றான். பிறகு உள்ளே போய்த் தனக்கு இடது கையில் போட்டுக்கொண்டான். சட்டையை இறக்கவில்லை.

"சார், எம் மவளுக்கு ஒரு சீட்டு வேணும். பேரு செல்லத்தாய், நாலு வயசு."

"பிள்ளையை எங்க?"

"பிள்ளை வரல. சீட்டு மட்டும்..."

"ஊசி இறங்காம சீட்டு எழுத எங்கையால வராது ஓய். போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வாரும்."

பெருமாள் வலது கைச் சட்டையைச் சுருட்டி நீட்டினான். "அவளுக்குள்ள மருந்தை இதுல போடுங்க."

கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றினார். "என்னவேய் பேசுதீரு?"

"ஊசியும் இறங்குன மாதிரி ஆச்சு, சீட்டும் பொய்யில்ல. பிள்ளைக்கு வேற, எனக்கு வேறயா சார்?"

"பிள்ளைக்குப் பேதி கண்டா உம்ம கையா வந்து காப்பாத்தும்?"

பெருமாளுக்கு அழுகை வந்துவிட்டது. "தெரியல சார். எனக்கு ஒண்ணுமே தெரியல. போட்டா அம்மன் எடுத்துக்கிடுவாளோன்னு இருக்கு. போடாட்டாப் பேதி எடுத்துக்கிடுமோன்னு இருக்கு. ஒருத்தனை அப்படித்தான் குடுத்தேன். போவாமலும் இருக்க முடியாது, நேர்ச்சை. நான் என்னதான் செய்ய, நீங்களே சொல்லுங்க."

கிருபாநிதி காலையிலிருந்து இருநூறு பேருக்குக் குத்திக் களைத்துப்போயிருந்தார். புத்தி சொல்லவும் தெம்பில்லை. "எங்க வீட்டுக்காரிய சம்மதிக்க வைக்கவே எனக்கு மூணு நாளாச்சு. உமக்கு நான் எங்க போய்ச் சொல்ல?" என்றார். பிள்ளைக்குரிய கால் பங்கு மருந்தை உறிஞ்சி எடுத்தவர், குத்துவதற்கு முன்னால் ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சத்தியம் பண்ணும். ஊருக்குத் திரும்புத வரைக்கும் கொதிக்க வச்ச தண்ணி தவிர ஒரு சொட்டு அந்தப் பிள்ளை வாயில படக்கூடாது."

"சத்தியமா சார். எம் முத்துக்கனி மேல சத்தியமா."

"ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்" என்று சொல்லிக் குத்தினார்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் பாதியை மட்டும் சொன்னான். "கிருபாநிதி சாரைப் பிடிச்சுப் பிள்ளைக்குச் சீட்டு வாங்கிட்டேன். ஊசி போடண்டாம். நீ சொன்னதுதான் சரி."

அவள் காலையிலேயே மிஷன் மருந்தகத்தில், பெண்களுக்கு ஊசி போடுகிற ஜெயபாய் நர்ஸிடம் தனக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்கதான போடணும்னு ஒத்தக்காலுல நின்னீய?"

"நின்னேன். இப்ப வேண்டாங்கேன். கையைப் பாரு, அம்மனே காட்டிட்டா."

அவன் உள்ளங்கையில் சுண்ணாம்பு அப்பியிருந்ததைப் பார்த்ததும் செண்பகத்துக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "எப்ப குத்துச்சு?" என்று கேட்டாள். "காலம்பற, ஒரு பத்து மணி இருக்கும்" என்றான். அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

வியாழக்கிழமை செண்பகத்துக்கு லேசான சூட்டோடு போய்விட்டது, பெருமாளுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. இரண்டு கையும் தூக்க முடியவில்லை. இடது கைக்கு ஊசியைச் சொல்லலாம், வலது கைக்கு என்ன சொல்ல? "மூட்டை தூக்கினேன், சதை பிடிச்சுக்கிட்டு" என்றான். சாக்குத் தைக்கிறவன் எப்போது மூட்டை தூக்கினான் என்று அவள் கேட்கவில்லை. சோற்றை உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

அன்று மத்தியானம் செல்லத்தாய்க்கும் உடம்பு சுட்டது. பெருமாள் பாயை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஊசி போடாத பிள்ளை! வயிற்றைத் தொட்டுப் பார்த்தான், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தான், வெளியே எத்தனை தரம் போனாள் என்று கேட்டுத் துளைத்தான். பிள்ளையைத் தூக்கப் போனபோது செண்பகம் வெடுக்கென்று பறித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கே காய்ச்சலு. நீங்க தூக்காண்டாம்."

"பேதியா இருந்தா என்னளா செய்ய?"

"அதெல்லாம் இல்ல. வெயிலுல ஆடியிருக்கா. நாளைக்கு விட்டுரும்."

"நாளைக்கு விட்டுரும்னு எப்படிளா தெரியும்?"

"தெரியும்."

சொல்லி வைத்ததுபோல வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்குமே விட்டுவிட்டது. பெருமாளுக்கு நிம்மதி வரவில்லை. பெண்டாட்டி இவ்வளவு தைரியமாக இருப்பதும், தைரியமாக இருக்கிறவள் சாமி விளக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதும் அவனுக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை கரி பஸ் இருமி இருமிக் கிளம்பியது. சீட்டுப் பார்க்கிறவன் மூன்று சீட்டையும் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டான். பெருமாள் மடியில் ஒரு பித்தளைத் தூக்கு. அதில் கொதிக்க வைத்து ஆற்றின தண்ணீர். வழியெல்லாம் தேரிக்காட்டுச் செம்மணல் கண்ணில் அடித்தது. ஏற்றத்தில் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. குலசைக்குப் போய்ச் சேரும்போது தூக்கில் பாதிதான் மிச்சம், அதையும் நெரிசலில் எவனோ தட்டிவிட்டான்.

தசராக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காளி வேஷம், குறவன் வேஷம், ராஜா வேஷம், தாரை தப்பட்டை. வெயில் மண்டையைப் பிளந்தது. பத்தடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். எல்லாப் பானையும் வேர்த்து வழிந்து நின்றது. முடி இறக்கி, மொட்டைத்தலையில் சந்தனத்தோடு செல்லத்தாய், "அப்பா, தண்ணி" என்றாள்.

"ஏளா, இரு. இப்ப வாங்கித் தாரேன்."

"தண்ணி, தண்ணி."

சுடுதண்ணீர் தேடிக் காப்பிக்கடைப் பக்கம் போனான். கூட்டத்தில் நெருங்க முடியவில்லை. திரும்பி வந்தபோது ஒரு பந்தலில் செண்பகம் பிள்ளைக்குப் பானக்கத் தம்ளரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உதட்டில் வைக்கப் போனாள். பெருமாள் பாய்ந்து தட்டிவிட்டான். தம்ளர் நாலு பேர் காலடியில் உருண்டது. பிள்ளை வீறிட்டாள். பந்தல்காரர், "சாமி பானக்கத்தைத் தட்டுதானே, இவன் என்ன மனுசன்!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஒங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" செண்பகம் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பிள்ளை நாக்கு வறண்டு சாவுது!"

"குடிச்சாத்தாம்ளா சாவும்! ஊசி போடாத பிள்ளை! முத்துக்கனியும் இப்படித்தான கேட்டான், நாந்தான் எங்கையால வாங்கிக் குடுத்தேன். எங்கையால!"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள், காது குத்துக்கென்று உடன்குடியிலிருந்து வந்திருந்த அவள் தம்பி செந்தில்வேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா, ஆசாரி கூப்பிடுதாரு, நம்ம முறை வந்துட்டு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

சந்நிதிக்கு எதிரே மண்டபத்தில் செந்தில்வேல் சம்மணம் போட்டு, மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். தட்டில் பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம். ஆசாரி கூரான தங்கக் கம்பியை மஞ்சளில் தொட்டு எடுத்தார். பின்னால் இன்னும் பத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"பாப்பா, ஊசி குத்தப் போறேன். அழாம இருப்பியா?"

செல்லத்தாய் தேம்பலை நிறுத்தினாள். ஆசாரியைப் பார்த்தாள். காதைக் காட்டவில்லை. பெரிய மனுஷி மாதிரி, இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள்.

"நர்சு மாமி போட்ட அன்னைக்கு நான் அழவே இல்லியே" என்றாள். பிறகு ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பாட்ட சொல்லக்கூடாது" என்று ஆசாரியிடம் ரகசியமாகச் சொன்னாள்.

தோளுக்குக் கீழே சின்னத் தழும்பு, சுற்றிலும் லேசாகக் கன்றிப்போய் இருந்தது.

பெருமாள் செண்பகத்தைப் பார்த்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புதன்கிழமை காலம்பறயே போட்டுட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்டீயளே, பேதி பொறுக்குமான்னு, அது உள்ளயே கெடந்து அரிச்சுது. அம்மன் கோவிச்சா என்னை எடுத்துக்கிடட்டும், பிள்ளை இருக்கட்டும்னு போட்டேன். சாயங்காலம் வந்து சொல்லுவோம்னு இருந்தேன். நீங்க கையில குத்தோட வந்து நிக்கீய. பிள்ளைக்குப் போட்ட அதே பத்து மணி. எனக்கு ஈரக்குலையே நின்னுட்டு. எப்படிச் சொல்லுவேன்?"

பெருமாள் அத்தனை பேர் பார்க்கப் பொலபொலவென்று அழுதான். அழுதுகொண்டே வலது கைச் சட்டையை ஏற்றிக் காட்டினான். அங்கேயும் ஒரு கன்றின தழும்பு.

"இது என்னது?"

"இவ பேருக்குச் சீட்டு வாங்கினேம்லா. இவளுக்குள்ள ஊசி இது. நான் வாங்கிக்கிட்டேன்."

செண்பகத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று செந்தில்வேலுக்கு இன்றுவரை தெரியாது. பிறகு சந்நிதியைப் பார்த்தபடி, "இப்ப மொத ஊசி எதுங்க? நேர்ச்சை தப்பிப் போச்சா, தப்பலியா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னளா தெரியும்? அவளே பாத்துக்கிடட்டும்."

"வீட்டுல போய்ப் பேசுங்கப்பா, பின்னால ஆளு நிக்கு" என்றார் ஆசாரி. பிள்ளை முகத்தைத் திருப்பி, பேச்சோடு பேச்சாகக் கம்பியைச் செலுத்திவிட்டார். செல்லத்தாய் மண்டபம் அதிர அலறினாள். அடுத்த காதுக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் அவள் கேட்டது தண்ணீர்தான். அந்தப் பந்தல்காரர் மனம் கேளாமல் இன்னொரு தம்ளர் பானக்கத்தை நீட்டினார். செண்பகம் புருஷனைப் பார்த்தாள். ஊசிதான் போட்டாயிற்றே. பெருமாளும் கையை நீட்டினான், பிறகு இழுத்துக்கொண்டான்.

"கிருபாநிதி சாருகிட்ட மூத்தவன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்ளா."

"நீங்களும் நேந்துட்டு வந்திருக்கீயளா?" என்றாள் அவள்.

முட்டி மோதிக் காப்பிக்கடையில் ஒரு தம்ளர் கொதிக்கிற வெந்நீர் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கை வலி தெரிந்து தம்ளரை அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். காதில் மஞ்சளும் கன்னத்தில் கண்ணீருமாகப் பிள்ளை நடுவில் நின்றாள். கூட்டம் இடித்துக்கொண்டு போக, மூன்று பேரும் குனிந்து அந்தத் தம்ளரை ஊதி ஊதி ஆற்றினார்கள்.